பழைய லாரியின் தளத் தாங்கிகள்: பழுது பார்ப்பதும் பலப்படுத்துவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி வட்டாரத்தில் பழைய லாரியைப் பட்டறையில் நிறுத்தி, "இதை எப்படியாவது நிமிர்த்தணும்" என்று நிற்பவர்களுக்காக இந்தப் பக்கம். 1954 முதல் 1969 வரை டைம்லர்-பென்ஸ் கூட்டில் டாட்டா போட்ட வண்டி, அசோக் லேலண்ட் காமெட், இந்துஸ்தான் பெட்ஃபோர்டு, பிரீமியர் கம்பெனியின் டாட்ஜ், ஃபார்கோ எல்லாவற்றுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். ஏணி மாதிரி ஒரு சேசிஸ், அதன்மேல் தனியாகக் கட்டி உட்கார வைத்த பாடி. கீழே கணக்குகளுக்கு 14 அடி நீளம், 7 அடி அகலத் தளத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் வண்டியின் அளவு வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

தளத்தைத் தாங்குவது என்னென்ன?

மேலிருந்து கீழே நான்கு அடுக்கு. நீளவாக்கில் ஓடும் பலகை. அதன் அடியில் வண்டியின் அகலத்துக்குக் கிடக்கும் குறுக்குச் சட்டங்கள். பழைய பாடியில் இவை மரம், பின்னால் வந்தவற்றில் இரும்புச் சேனல். அதற்கும் கீழே சேசிஸின் இரண்டு பக்கமும் நீளமாகப் படுத்திருக்கும் ரன்னர் கட்டை. கடைசியாகச் சேசிஸ். மூட்டையின் பாரம் இந்த வரிசையில்தான் இறங்குகிறது. எந்த அடுக்கு கெட்டது என்று தெரியாமல் அடுத்த அடுக்கில் கை வைத்தால் கூலியும் இரும்பும் வீண். பலகை ஆடுகிறது என்று பலகையை மாற்றுவார்கள். அடியில் சட்டம் ஒடிந்திருக்கும், ஆறே மாதத்தில் புதுப்பலகையும் ஆடும்.

சேசிஸுக்கென்றே கம்பெனி ரிவெட் அடித்துக் கொடுத்த குறுக்குத் துண்டுகளும் உண்டு. அதையும் பாடியின் குறுக்குச் சட்டத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்னதில் பட்டறைக்காரர் சட்டென்று கை வைக்கக் கூடாது.

தளம் தொய்ந்திருப்பதை எப்படி அளப்பது?

வண்டியைச் சமதளத்தில், காலியாக, டயர் காற்று சமமாக வைத்து நிறுத்துங்கள். இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு நைலான் நூலை விறைப்பாகக் கட்டி, ஒவ்வொரு குறுக்குச் சட்டத்துக்கும் நேர்மேலே பலகைக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதுங்கள். பிறகு நீளவாக்கிலும் அப்படியே. எல்லாச் சட்டத்திலும் ஒரே மாதிரி 4, 5 மி.மீ. இருந்தால் அது வயசின் தொய்வு, விட்டுவிடலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் 10 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் அங்கே ஏதோ ஒடிந்திருக்கிறது.

பாடியின் இரண்டு ஓரமும் தொங்கி நடு மட்டும் மேடாகத் தெரிந்தால், சட்டம் சேசிஸின் வெளி விளிம்புக்கு மேலே வளைந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் அங்கேதான் போகும். சேசிஸின் நீளவாக்கில் ஓடும் இரண்டு கைகளும், வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு ஏறத்தாழ 34 அங்குலம். தளம் 84 அங்குலம். ஆக ஒவ்வொரு பக்கமும் 25 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு தொங்குகிறது. அந்த நீட்டலின் மொத்தப் பாரமும் சேசிஸ் விளிம்பில்தான் வந்து சட்டத்தை வளைக்கிறது. விரிசல் தேடுகிறவர்கள் முதலில் அங்கே கம்பித் தூரிகை போட்டுத் தேய்த்துப் பாருங்கள்.

துரு எந்த அளவு போனால் சட்டத்தை மாற்றணும்?

சின்னச் சுத்தியால் ஓர் அடிக்கு நான்கு இடத்தில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு "ணங்" என்று திருப்பிச் சொல்லும். அழுகிய இரும்பு "சொத்" என்று அடியை விழுங்கும். சொத்தென்ற இடத்தில் துருவைச் சீவி எடுத்துவிட்டுக் காலிபரில் கனம் பாருங்கள். மூலக் கனத்தில் கால்பங்கு போயிருந்தால் மாற்றுவதே நல்லது. சேனலின் மேல்தகட்டில், பலகை உட்காரும் இடத்தில்தான் ஈரம் தேங்கும். கீழிருந்து பார்த்தால் சட்டம் புதுசு மாதிரி இருக்கும், பலகையைக் கழற்றினால் மேல்தகடு அப்பளமாக உரிந்து வரும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். அதனால் இரண்டு தகடு ஒட்டிய இடத்தில் துரு பிடித்தால் அது ஆப்பு மாதிரி நின்று போல்ட்டையே இழுத்து அறுக்கும்.

தூத்துக்குடி உப்பு, உரம், ஆடுமாடு ஏற்றிய வண்டிகளில் கீழிருந்து பார்ப்பதை நம்பவே வேண்டாம். பலகையைக் கழற்றாமல் முடிவு எடுக்காதீர்கள்.

மரச் சட்டமாக இருந்தால் கூரான ஸ்குரூடிரைவரால் போல்ட் துளையைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் சுலபமாக இறங்கினால் உள்ளே மக்கிவிட்டது.

ஒடிந்த இடத்தில் மட்டும் பட்டை வைத்து ஒட்டினால் போதாதா?

சில இடத்தில் போதும். சேசிஸுக்கு வெளியே நீட்டும் பகுதியின் கடைசி ஓர் அடியில் மட்டும் துரு என்றால், அந்த ஓரடியை வெட்டி அதே அளவுச் சேனலை வைத்து ஒட்டலாம். அங்கே வளைக்கும் விசை குறைவு. சேசிஸ் விளிம்பை ஒட்டி ஒடிந்திருந்தால் ஒட்டுப் போடாதீர்கள், முழுச் சட்டத்தையும் மாற்றுங்கள். ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஒட்டு இரண்டு சேசிஸ் கைக்கும் நடுவில் வரட்டும்.

பட்டை வைக்கும்போது அதைச் சதுரமாக வெட்டி நான்கு பக்கமும் சுற்றி வெல்டிங் வைக்கும் வழக்கம் உண்டு. அது கெடுதல். பட்டையின் முனை நேர்குத்தாக முடிகிற இடத்தில் பலம் சட்டென்று மாறுகிறது. அடுத்த விரிசல் அந்த வெல்டிங் கோட்டின் ஓரத்திலேயே பிறக்கும். பட்டையின் இரண்டு முனையையும் சாய்வாக, சாய்சதுரம் மாதிரி வெட்டி, நீளப் பக்கங்களில் மட்டும் வெல்டிங் வையுங்கள். விரிசலின் முனை எங்கே முடிகிறது என்று பார்த்து அங்கே 5 அல்லது 6 மி.மீ. துளை போட்ட பிறகுதான் ஒட்ட வேண்டும். துளை இல்லாமல் மேலே பூசினால் விரிசல் உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு சேனல் வாங்கணும்?

14 அடி என்பது 168 அங்குலம். 18 முதல் 19 அங்குலத்துக்கு ஒரு சட்டம் என்று வைத்தால் 9 இடைவெளி, 10 சட்டம். ஒவ்வொன்றும் 7 அடி. கடையில் 75-க்கு 40 சேனல், அதாவது 75 மி.மீ. உயரம், 40 மி.மீ. அகலம் என்று கேளுங்கள். மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ. 10 சட்டத்துக்கும் சேர்த்து 150 கிலோ வரும். சேனல் 20 அடி நீளமாகத்தான் கிடைக்கும். ஒன்றில் இரண்டு சட்டம் போக 6 அடி மிஞ்சும். ஆக 5 நீளம் வாங்க வேண்டும். மிச்சத்தை மூலைத் தாங்கிக்கும் பின்கதவுச் சட்டத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாறு டன்னுக்குள் ஏற்றும் வண்டிக்கு 75 சேனல் போதும். கல், கம்பி மாதிரி ஒரே இடத்தில் அழுத்தும் சரக்கு என்றால் 100-க்கு 50 போடுங்கள். எடை மூன்றில் ஒரு பங்குதான் கூடும். வளைவைத் தாங்கும் வலு முக்கால் பங்குக்கு மேல் கூடும். உயரம் தருகிற வலு கனம் தருவதில்லை. ஆனால் தளம் ஓர் அங்குலம் மேலேறும், பின்கதவும் கேபின் முதுகும் பொருந்துமா என்று முன்கூட்டியே பாருங்கள்.

சட்டத்தைப் பெரிதாக்குவதா, எண்ணிக்கையைக் கூட்டுவதா?

ஆடுவது பலகை என்றால் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இரண்டு சட்டத்துக்கு நடுவே ஒரே இடத்தில் பாரம் நிற்கும்போது பலகையின் தொய்வு இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 36 அங்குல இடைவெளியை 18 ஆக்கினால் தொய்வு எட்டில் ஒன்றாகிவிடும். நடுவே ஒரு சட்டம் சொருகுவது பலகையை மாற்றுவதைவிட மலிவு. தொங்குவது ஓரம் என்றால் சட்டத்தின் உயரம்தான் மருந்து.

எல்லாவற்றையும் ஒன்றோடொன்று வெல்டிங் வைத்து இறுக்கிவிட்டால் அசையாதே?

அசையாது, அதனால்தான் ஒடியும். இந்தப் பக்கத்தில் மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறும்போது ஏணிச் சேசிஸ் முறுக்கிக்கொடுக்க வேண்டும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். மேலே பாடியைச் சேசிஸோடு உருக்கி ஒட்டினால் முறுக்கு போக வழியில்லாமல் ஒட்டிய முனையில் வந்து குவியும். முதலில் வெல்டிங் விடும், பிறகு சேசிஸே கீறும். குறுக்குச் சட்டத்தை ரன்னருக்கோ ஓரச் சட்டத்துக்கோ சேர்க்கலாம். சேசிஸுக்கு வெல்டிங் வேண்டாம். அதன் மேல்தகட்டிலும் கீழ்த்தகட்டிலும் துளையும் வேண்டாம். துளை தேவைப்பட்டால், நிமிர்ந்து நிற்கும் நடுத்தகட்டில் ஏற்கெனவே கம்பெனி போட்டதைப் பயன்படுத்துங்கள்.

ரன்னர் கட்டையும் யூ போல்ட்டும் எப்படி வைப்பது?

ரன்னர் வெறும் அடைப்பு இல்லை. இரும்பும் இரும்பும் உரசித் தேயாமல் காப்பதும், சேசிஸ் முறுக்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடுப்பதும் அதுதான். சேசிஸ் மேல்தகட்டின் அகலத்துக்குச் சமமாக, 40 முதல் 50 மி.மீ. கனத்தில், நாட்டுக் கருவேலமோ வேங்கையோ காய்ந்ததாக எடுங்கள். ஒரே நீளமாகக் கிடைத்தால் நல்லது. சேசிஸில் ரிவெட் தலை துருத்தும் இடத்தைக் கட்டையில் பென்சிலால் குறித்து, அந்தத் தலை மட்டும் உட்காரும் அளவுக்குக் குழி போடுங்கள். உளி வைத்து முழு அகலத்தையும் வெட்டி எடுத்தால் கட்டை அங்கேயே பிளக்கும்.

ரன்னரின் முன்முனை, அதாவது கேபினுக்குப் பின்னால் முடிகிற முனை, ரொம்ப முக்கியம். அதன் அடிப்பக்கத்தை ஓரடி நீளத்துக்குச் சரிவாகச் சீவுங்கள். முனையில் சேசிஸுக்கும் கட்டைக்கும் இடையே ஒரு விரல் கனம் வெளிச்சம் தெரியட்டும். சீவாமல் கட்டையைச் சதுரமாக வெட்டி நிறுத்தினால், அந்த விளிம்பு ஒவ்வொரு குலுக்கலிலும் சேசிஸை உளி மாதிரி அதே கோட்டில் குத்தும். கேபினுக்குப் பின்னால் சேசிஸ் கீறிய வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பாடியைச் சேசிஸோடு சுற்றிக் கட்டும் யூ வடிவ போல்ட் 16 மி.மீ., ஒரு பக்கத்துக்கு 4 அல்லது 5. சேசிஸ் சேனலின் வாய்க்குள், போல்ட் பிடிக்கும் இடத்தில், மேலும் கீழும் முட்டுகிற மாதிரி கட்டை வையுங்கள். இல்லாவிட்டால் நட்டை முறுக்க முறுக்கச் சேசிஸின் உதடு உள்ளே மடங்கும். சைலன்சர் பக்கத்தில் மட்டும் மரத்துக்குப் பதில் இரும்புத் துண்டு, மரம் கருகிவிடும். பிரேக் பைப்பும் வயரும் யூ போல்ட்டுக்கு அடியில் சிக்கவில்லை என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

யூ போல்ட் பிடிப்பது வெறும் உராய்வில்தான். சரக்கோடு பிரேக் போட்டால் பாடி முன்னே நழுவப் பார்க்கும். பின்பகுதியில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பட்டைத் தகடுகளைப் பாடியிலும் சேசிஸின் நடுத்தகட்டிலும் போல்ட் போட்டுப் பிணையுங்கள்.

சேசிஸின் ரிவெட் தளர்ந்திருந்தால்?

ரிவெட் தலையைச் சுற்றிச் செங்கல்பொடி மாதிரி துரு கசிந்து, கீழ்நோக்கி ஒரு கோடாக வடிந்திருக்கும். அது அசைகிறது என்பதற்கு அடையாளம். தலைமேல் வெல்டிங் வைப்பது மருந்தே இல்லை. ரிவெட்டைக் கடைந்து எடுத்து, துளையை ரீமர் போட்டு வட்டமாக்கி, இறுக்கமாக உட்காரும் உயர்பலப் போல்ட்டைப் போட வேண்டும். பழக்கமுள்ள பட்டறையில் கொடுத்துச் செய்யுங்கள்.

வெல்டிங் வைக்கும் முன் என்னென்ன கழற்றணும்?

பேட்டரி ஒயர் இரண்டும், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் ஒயரும். டீசல் டேங்க் அருகில் வேலை என்றால் டேங்கை இறக்கிவிடுங்கள். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே ஆவிதான் இருக்கும். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் துண்டிலேயே மாட்டுங்கள். எங்கேயோ பம்பரில் மாட்டினால் கரண்ட் சக்கரப் பேரிங் வழியாகப் போய் உருளைகளில் குழி விழும்.

75 சேனலுக்கு 3.15 மி.மீ. ராடு, 110 முதல் 130 ஆம்பியர். பலகை இடுக்கில் வைக்கோல், சணல், மரத்தூள் நிச்சயம் இருக்கும். வேலை முடிந்து அரைமணி நேரம் தண்ணீர் வாளியோடு அங்கேயே இருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டோ கனத்த மரக்கட்டையோ இருக்கட்டும்.

பலகைக்கு எந்த மரம்? எவ்வளவு?

வேங்கை, மருது நன்றாக நிற்கும். ஒன்றரை அங்குலக் கனம் என்றால் 14-ஐ 7-ஆல் பெருக்கி, அதை எட்டால் வகுத்தால் 12¼ கன அடி. சேதாரம் சேர்த்து 14 கன அடி வாங்குங்கள். இடைவெளியோடு சேர்த்து 6 அங்குல அகலத்தில் 14 பலகை.

இடைவெளிதான் பலர் தவறவிடுவது. சித்திரை வெயிலில் காய்ந்த பலகையை நெருக்கி அடித்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊதி, நடுவில் கூடாரம் மாதிரி எழும்பி, போல்ட்டைப் பிடுங்கும். கோடையில் போட்டால் பலகைக்குப் பலகை 4 மி.மீ., மழைக்காலத்தில் போட்டால் 1 அல்லது 2 மி.மீ. ஒரே கனமுள்ள தகட்டுத் துண்டை நடுவில் சொருகி அடித்தால் இடைவெளி ஒழுங்காக வரும்.

போல்ட் 10 மி.மீ., தலை வழவழப்பாகவும் கழுத்து சதுரமாகவும் இருக்கும் வகை. இரண்டு முனைச் சட்டத்திலும் பலகைக்கு இரண்டு, நடுச் சட்டங்களில் ஒன்று வீதம் மாற்றி மாற்றி. மொத்தம் 168 வரும், 180 வாங்குங்கள். துளை போட்டவுடன் துளைக்குள்ளும் பலகையின் வெட்டு முனைகளிலும் ஆளிவிதை எண்ணெயோ பிரைமரோ தடவுங்கள். பழைய என்ஜின் ஆயில் வேண்டாம். வழுக்கும், மேலே எந்தப் பெயிண்டும் ஒட்டாது, வெல்டிங் பொறி பட்டால் பற்றும்.

மரத்துக்கு மேல் செக்கர் தகடு போடலாமா?

நிரந்தரமாக வேண்டாம். 3 மி.மீ. தகடு இந்தத் தளத்துக்கு 215 கிலோவுக்கு மேல் வரும். மரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே புகுந்த தண்ணீர் வெளியேறாமல் பலகையை மக்க வைக்கும். அவசியம் என்றால் மரத்தை எடுத்துவிட்டுத் தகடு போடுங்கள், சட்ட இடைவெளியை 15 அங்குலமாகக் குறைத்து, தண்ணீர் இறங்க 12 மி.மீ. துளைகளோடு.

கேபின் தரையின் தாங்கி போயிருந்தால்?

இது டிங்கரிங் வேலை, அவசரம் கூடாது. வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் மேலுக்கும் கீழுக்கும் குறுக்காக ஆங்கிள் வைத்துத் தற்காலிகமாக ஒட்டுங்கள். இல்லாவிட்டால் தரையை எடுத்தவுடன் கேபின் திறந்துகொள்ளும், பிறகு கதவு சாத்தாது. கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை நான்கு மூலையிலும் அளந்து சுவரில் எழுதிவையுங்கள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் தொடுங்கள்.

தாங்கி தொப்பி வடிவில் மடித்த தகடு. பழசை முழுசாகக் கழற்றி, அதையே மாதிரியாக வைத்து, 1.6 அல்லது 2 மி.மீ. தகட்டில் மடித்து வாங்குங்கள். கப்பலூர், புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் பிரஸ் பிரேக் வைத்திருப்பவர்கள் செய்துகொடுப்பார்கள். கையால் சுத்தியடித்து மடித்தால் மூலை உருண்டு பலம் போய்விடும். மேல்தகட்டில் 40 மி.மீ.க்கு ஒன்றாக 8 மி.மீ. துளை போட்டு அதன் வழியாக மிக் வெல்டிங்கில் நிரப்புங்கள். வரிசையாகப் போகாமல் இங்கொன்று அங்கொன்றாக வைத்தால்தான் தகடு நெளியாது. ஒட்டுகிற முகங்களில் முன்னதாகத் துத்தநாகப் பிரைமர். தாங்கியின் தாழ்வான முனையைத் திறந்தே விடுங்கள். அடைத்த பெட்டிக்குள் துரு வேகமாக வளரும். கேபின் ரப்பர் புஷ் நசுங்கியிருந்தால் அதையும் மாற்றாமல் தரையை ஒட்டாதீர்கள்.

பழைய போல்ட்டுக்குப் புது நட்டு ஏறவில்லையே?

மரை வேறு. டாட்டா-பென்ஸில் மி.மீ. மரை, லேலண்டும் பெட்ஃபோர்டும் இங்கிலாந்து வழி வந்தவை, அங்குல மரை. அரை அங்குலப் போல்ட் 12.7 மி.மீ., பார்வைக்கு எம்12 என்னும் 12 மி.மீ. போல்ட் போலவே இருக்கும். அதிலும் அங்குலத்துக்கு 12, 13, 16, 20 என்று மரை எண்ணிக்கை வகைக்கு வகை மாறும். மரை கேஜ் வைத்துப் பார்த்து வாங்குங்கள். முறுக்கி ஏற்றினால் மரை அறுந்து, இறுகினது போலக் காட்டி, ஓட்டத்தில் கழன்றுவிடும்.

பெயிண்ட்?

ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து நிறுத்தாதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சும். தளர்ந்த துரு போகத் தேய்த்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர், அதன்மேல் எனாமல் இரண்டு கோட். சட்டத்தின் மேல்முகத்துக்குப் பலகை ஏறும் முன்பே அடிக்க வேண்டும், அதற்குப் பிறகு பிரஷ் போகாது.

ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா?

அதே அளவில், அதே அமைப்பில் பழுது பார்ப்பது மாற்றம் இல்லை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. தளத்தின் நீள அகலத்தைக் கூட்டுவது, காலி எடையை ஏற்றுவது இவற்றுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தை முதலிலேயே தேடிக் கண்டுபிடித்து, கிரீஸ் தடவி, டேப் ஒட்டி மூடுங்கள். கிரைண்டர் அதன்மேல் ஒருமுறை ஓடிவிட்டால் வண்டியின் அடையாளமே போய்விடும்.

வேலை முடிந்த பிறகு?

முதல் 100 கி.மீ. காலியாகவோ அரைப் பாரத்திலோ ஓட்டிவிட்டு யூ போல்ட்டை மறுபடி முறுக்குங்கள். கட்டை அமுங்கி நட்டு தளர்ந்திருக்கும். 500 கி.மீ.யில் இன்னொரு முறை. நட்டிலிருந்து போல்ட்டுக்கு ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு இழுத்து வைத்தால், அடுத்த தடவை குனிந்து பார்த்தாலே எது திரும்பியிருக்கிறது என்று தெரியும். முதலில் நூல் கட்டி எழுதிவைத்த அளவுகளோடு அன்றைக்கு மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள்.